டைமிங் கியரைக் காணோம்!

மாடிப்படியில் யாரோ இருமினார்கள். சளி பிடித்த இருமல் இல்லை அது. தொண்டையைக் கனைத்து, நெஞ்சைக் குலுக்கி, நான் வருகிறேன் என்று தெருவுக்கே அறிவிக்கிற இருமல்.

“அண்ணி, ஒண்ணு கேஸ் வருது. இல்லேன்னா ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டி வரும்” என்றான் ரேடியோ, மேசை மேலிருந்த காலை இறக்கிக்கொண்டே.

“சட்டை பட்டனைப் போடு” என்றாள் அண்ணி.

ரேடியோ அவள் கணவனின் தம்பி. வாயை மூடத் தெரியாததால் வந்த பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவள் இந்த ஒற்றை அறை ஆபீஸைத் திறந்தபோது, கூடவே ஒட்டிக்கொண்டு வந்தான். அவன் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டதில் இப்போது எல்லாருக்குமே அவள் அண்ணிதான். போன மாதம் கையும் களவுமாகச் சிக்கிய ஒரு பலே திருடன்கூட, “மன்னிச்சிருங்க அண்ணி” என்றுதான் கதறினான்.

இருமியவர் உள்ளே வந்தார். நெட்டையான மனிதர். முழங்கால்வரை சேறு அப்பிய பூட்ஸ். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டிருந்தார். அந்தப் பக்கம் கால்சட்டை மெல்ல மெல்லச் சரிய, இடது கையால் பெல்ட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு உட்கார்ந்தார்.

“என் டிராக்டருக்கு வாங்கி வெச்சிருந்த டைமிங் கியர் மூணு திருடு போயிடுச்சு. எடுத்தது யாருன்னு தெரியணும்.”

“தங்கத்துல செஞ்சதா?” என்றான் ரேடியோ.

“இரும்பு.”

“அப்போ ஆஸ்பத்திரியில விசாரிக்கலாம் அண்ணி. ரத்தத்துல இரும்புச்சத்து கம்மியா இருக்கிற ஆளாத்தான் இருப்பான்.”

அவர் ரேடியோவைப் பார்த்தார். பக்கத்தில் பால் இருந்திருந்தால் திரிந்து போயிருக்கும். ரேடியோ அவசரமாக ஜன்னலுக்கு வெளியே மேகத்தை ரசிக்க ஆரம்பித்தான்.

“வீட்டுல எல்லாரும் மெக்கானிக்தான் எடுத்தான்னு சொல்றாங்க” என்றார் அவர். “எனக்கு அப்படித் தோணலை. ஆனா பேச்சு வெளியில பரவிடுச்சு. அந்தாளு பட்டறையிலேர்ந்து ஆளாளுக்கு அவங்கவங்க மோட்டாரைத் தூக்கிட்டுப் போறாங்க. எனக்கும் உழவு நிக்குது. மழை தலைக்கு மேல வந்தாச்சு.”

“போகலாம்” என்று எழுந்தாள் அண்ணி.

* * *

டிராக்டர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. முன்பக்க ரேடியேட்டரும் விசிறியும் மூடியும் கழற்றப்பட்டு, பல் பிடுங்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டவர் போல இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். ஸ்பானர் என்பது அவன் பட்டப்பெயர். கதவை அடைக்கும் அகலத்துக்கு ஆள். கை ஒவ்வொன்றும் ஒரு தூண். அண்ணியைப் பார்த்ததும் அந்த மலை குலுங்கிக் குலுங்கி அழுதது.

“நான் எடுக்கலீங்க அண்ணி! என் சொந்த மச்சான்கூட நேத்து வந்து, ‘பம்புசெட்டை வேற இடத்துல குடுக்கிறேன், தப்பா நினைக்காதீங்க மாமா’ன்னு சொல்லிட்டுத் தூக்கிட்டுப் போறான்!”

ரேடியோ தன் கைக்குட்டையைக் கொடுத்தான். அது திரும்பி வந்தபோது கிரீஸ் கறுப்பில் நனைந்திருந்தது. “நீங்களே வெச்சுக்கங்க” என்றான்.

“அழறதை அப்புறம் பார்த்துக்கலாம். என்ன வேலை செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க” என்றாள் அண்ணி.

வேலை என்றதும் ஸ்பானர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தான். அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது. வண்டி கறுப்பாகப் புகை தள்ளியது. ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு சுற்றும் பல்சக்கரங்கள் தேய்ந்து, பற்கள் மீன் முள் மாதிரி கூர்மையாகிப் போயிருந்தன. ஒன்றில் ஒரு பல்லே இல்லை.

“இன்ஜின்ல பிஸ்டன் ஏறுறது, வால்வு திறக்கிறது, டீசல் பீச்சுறது எல்லாம் ஒரே தாளத்துல நடக்கணும் அண்ணி. அந்தத் தாளத்தைப் பிடிச்சு வெச்சிருக்கிறது இந்த நாலு கியர்தான். இதுல ஒரு பல்லு தாண்டினா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். அதனாலதான் பழசை மாட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“நாலா?” என்றாள் அண்ணி.

“நாலுதாங்க. இருக்கிறதுலயே சின்னது கிராங்க் கியர். அதுதான் மத்த மூணையும் சுத்த வைக்குது. அப்புறம் நடுவுல ஐட்லர், பெருசா கேம் கியர், பம்ப் கியர். என் கையாலதான் நாலையும் இந்த மரப்பெட்டியில வெச்சேன். காலையில வந்து பார்த்தா வெறும் பெட்டி.”

ரேடியோ அண்ணியின் காதருகே குனிந்தான். “நம்ம ஆளு ஸ்கூல்ல கணக்குப் பாடத்துக்கு லீவு போட்டிருக்கார் போல.”

அண்ணி தேய்ந்த கியர் ஒன்றை எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “இது ஓடும்போது சத்தம் வருமா?”

“சத்தமா! தகர டின்னுல நட்டு போல்ட்டைப் போட்டுக் குலுக்கினா எப்படி இருக்கும்? வண்டி அந்த வளைவுல திரும்பும்போதே வீட்டுல கேட்டுடும். புதுசு போட்டா பூனை மாதிரி வந்து நிக்கும். அதைத்தான் அன்னைக்குச் சாயங்காலம் டீ குடிக்கும்போது எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னேன், ‘நாளையிலேர்ந்து ஐயா வர்றதே உங்களுக்குத் தெரியாது’ன்னு.” ஸ்பானரின் முகம் வாடியது. “ஒருத்தர்கூட சந்தோஷப்படலீங்க. ஐயாவோட மாமனார் கையில இருந்த பிஸ்கட்டு டீக்குள்ளயே விழுந்துடுச்சு.”

அண்ணியின் புருவம் ஒரு நூல் அளவு உயர்ந்தது. அது உயர்ந்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று ரேடியோவுக்குத் தெரியும். பல தடவை அவனுக்கே.

* * *

வீட்டு வாசலில் நின்று நிலக்காரர் மறுபடியும் இருமினார். அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் கதவைத் தள்ளினார்.

உள்ளே பரீட்சை ஹால் மாதிரி ஓர் அமைதி. நாற்காலியில் மாமனார் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. சமையலறை வாசலில் மனைவி ஒரு சுத்தமான பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் மடியில் கல்லூரிப் புத்தகம்.

“யாரு எடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?” என்று அண்ணி கேட்டதுதான் தாமதம், “மெக்கானிக்!” என்று மூன்று வாய்களும் ஒரே நேரத்தில் திறந்தன.

“கோரஸ் நல்லா இருக்கு. ஒத்திகை பார்த்தீங்களா?” என்றான் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்த மகளும் அப்பாவைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டாள்.

“ஐயா, உங்க வயலைக் கொஞ்சம் பார்க்கணும். வாங்க” என்று அண்ணி அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். போகிறபோக்கில் ரேடியோவின் கையை அழுத்தினாள். “உனக்கு வயித்து வலி. இங்கேயே இரு.”

“எனக்கா? நான் நல்லாத்தானே...” என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஐயோ, அம்மா!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தான்.

பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது. மாமனார் பேப்பரின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார்.

“போயிட்டாரா?”

“வயல் பக்கம் திரும்பிட்டார் தாத்தா” என்றாள் மகள்.

அடுத்த நொடி அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. பேப்பர் ஒரு பக்கம் பறந்தது. நாற்காலிப் பையிலிருந்து ஒரு சீட்டுக் கட்டு வந்தது. அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பூனை சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்து, மூலையில் வைத்திருந்த பால் கிண்ணத்தை நோக்கி ராஜநடை போட்டது. கொல்லைப்புறத்தில் ஸ்கூட்டர் உறுமும் சத்தம்.

“யாரு அது?” என்றான் ரேடியோ, வயிற்று வலியை மறந்து.

“அம்மா. என் வண்டியில ஓட்டிப் பழகுறாங்க. அப்பாகிட்டச் சொல்லிடாதீங்க. விழுந்து கையை உடைச்சுக்குவேன்னு ஒரே கத்தல். பூனையும் கூடாது, முடி கொட்டுமாம்.”

“சீட்டும் கூடாது” என்றார் மாமனார், கட்டைக் கலைத்துக்கொண்டே. “தம்பிக்கு ஆடத் தெரியுமா?”

ரேடியோவுக்குத் தெரியும். ஆனால் தாத்தாவுக்கு அவனைவிட நன்றாகவே தெரிந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் சீட்டை மேசையில் அறைந்து, “இந்தா வாங்கிக்கோ!” என்று கத்த, பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். கொல்லையில் ஸ்கூட்டர் எதன்மீதோ மோதும் சத்தமும், அதைத் தொடர்ந்து அம்மாவின் சிரிப்பும் கேட்டன. வந்த வேலை ரேடியோவுக்குக் கிட்டத்தட்ட மறந்தே போனது. இந்த மாதிரி வீட்டில் வாடகை கொடுத்துக்கூட இருக்கலாம் என்று நினைத்தான்.

அப்போதுதான் அது கேட்டது.

கடகட, கடகட, கடகடவென்று தகரமும் இரும்பும் அரைபடும் ஓசை. வளைவிலிருந்து வாசலை நோக்கி நெருங்கியது.

மாமனார் முகம் வெளுத்துவிட்டது. அவர் துள்ளி எழுந்து நாற்காலி மெத்தையைத் தூக்கி, கையிலிருந்த சீட்டையெல்லாம் அதற்கடியில் திணித்தார். மகள் ஒரு கையில் பூனையையும் மறு கையில் பால் கிண்ணத்தையும் அள்ளிக்கொண்டு அலமாரிப் பக்கம் பாய்ந்தாள். கொல்லையில் ஸ்கூட்டர் பட்டென்று நின்றது. ஸ்டாண்டு போடும் அவசரத்தில் அது தடாலென்று சாய்ந்தது.

கதவு திறந்தது. வாசலில் அண்ணி நின்றாள். அவள் கையில் ஸ்பானர் உட்கார்ந்திருந்த அதே தகர டின். உள்ளே ஒரு படி நட்டு போல்ட். கடைசியாக ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுக் கீழே வைத்தாள். அவள் பின்னால் நிலக்காரர்.

“வண்டி கொட்டகையில பிரிச்சுக் கிடக்குன்னு உங்க எல்லாருக்கும் தெரியுமே” என்றாள் அண்ணி.

“மூளைக்குத் தெரியுதும்மா, கைகாலுக்குத் தெரியலையே!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார் மாமனார்.

“ரேடியோ, என்ன பார்த்தே?”

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிப்பது போல நிமிர்ந்தான். “அண்ணி, முதல்ல மூலையைப் பாருங்க. பூனையோட பால் கிண்ணம் தரையில இல்லை, தட்டு மாதிரி ஒரு பெரிய கியர் மேல இருந்திருக்கு. விஐபி பூனை. ரெண்டாவது, தாத்தா, கொஞ்சம் திரும்பி நில்லுங்க.”

மாமனார் திரும்ப மறுத்தார். பேத்தி தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவருடைய வெளிர்நிறக் கால்சட்டையின் பின்புறத்தில், பல் பல்லாக, முழு வட்டமாக, கிரீஸில் ஒரு சூரியன் உதித்திருந்தது.

“மெத்தைக்கடியில ஐட்லர், கிரீஸ் மேல ஊறியிருக்கு” என்றான் ரேடியோ. “மூணாவதை நான் பார்க்கலை. ஆனா...”

அவன் முடிக்கவில்லை. கொல்லைக் கதவு வழியாக, விழுந்த ஸ்கூட்டரின் இருக்கைக்கடிப் பெட்டியிலிருந்து தப்பித்த பம்ப் கியர், தானாக உருண்டு உருண்டு உள்ளே வந்தது. கூடத்தைக் கடந்து, சேற்று பூட்ஸ் ஒன்றில் முட்டிச் சாய்ந்தது. அதைத் துரத்திக்கொண்டு ஓடிவந்த மனைவி, பூட்ஸில் ஆரம்பித்து மேலே மேலே பார்த்து, கணவனின் முகத்தில் வந்து நின்றாள்.

“நீயுமா?” என்றார் மாமனார் அவளிடம்.

“நீங்களுமாப்பா?” என்றாள் அவள். “நான் ஒண்ணுதான் எடுத்தேன். மிச்சத்தை மெக்கானிக் கொண்டு போயிட்டார்னுல்ல நினைச்சேன்!”

“நானும் அப்படித்தாம்மா” என்றாள் மகள், பூனையை அணைத்துக்கொண்டு. “கியர் கிடைக்கலேன்னா பழசையே மாட்டிடுவாங்க, சத்தம் அப்படியே இருக்கும்னு...”

ரேடியோ சோபாவுக்குப் பின்னால் ஒதுங்கினான். இப்போது இடி விழும். கூரை தப்புமா என்பதுதான் கேள்வி.

இடி விழவில்லை. நிலக்காரர் குனிந்து கியரை இடது கையால் எடுத்தார். பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். “சரி. மூணும் கிடைச்சுடுச்சு. மெக்கானிக்கை வரச் சொல்லுங்க. நீங்க கிளம்பலாம் அண்ணி.”

“நாலாவது?” என்றாள் அண்ணி.

“எந்த நாலாவது?”

“பெட்டியில நாலு இருந்துச்சுன்னு மெக்கானிக் சொல்றார். மூணுதான் திருடு போச்சுன்னு சொன்ன ஒரே ஆள் நீங்க. அப்படிச் சொல்ல ஒருத்தரால மட்டும்தான் முடியும். நாலாவது பத்திரமா எங்க இருக்குன்னு தெரிஞ்சவரால.” அண்ணி அவர் கால்சட்டையைக் காட்டினாள். “அந்தக் கையை வெளியில எடுங்க, பாவம். எத்தனை நாளைக்குத் தாங்கிப் பிடிப்பீங்க?”

கூடத்தில் பூனை பால் நக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கிண்ணம் மகளின் கையிலேயே இருந்ததை அது பொருட்படுத்தவில்லை.

அவர் வலது கை மெல்ல வெளியே வந்தது. அதில், கறுத்துப்போன கைக்குட்டைக்குள், சின்னஞ்சிறு கிராங்க் கியர்.

“வீட்டுல எங்க வெச்சாலும் யாராவது எடுத்துடுறீங்க” என்றார், குற்றம் சொல்வது போல.

“என்னங்க இது?” என்றாள் மனைவி. “உங்க வண்டி கியரை நீங்களே எதுக்குத் திருடணும்?”

அவர் உட்கார்ந்தார்.

“வண்டியைப் பிரிச்ச அன்னைக்கு வயல்லேர்ந்து நடந்து வந்தேன். ஜன்னல் பக்கம் வரும்போது உள்ள ஒரே சிரிப்பு. மாமா ஏதோ கத்துறார், இவ தரையில உருண்டு சிரிக்கிறா, நீ பாடிட்டிருக்கே. உனக்குப் பாட்டு வரும்னே எனக்குத் தெரியாது. உள்ள வரணும்னுதான் காலை எடுத்து வெச்சேன். வந்தா நின்னுடும்னு தோணுச்சு. திரும்பி வயலுக்கே போயிட்டேன்.” கியரைக் கையில் உருட்டினார். “அப்புறம் ஸ்பானர் வந்து, இனிமே வண்டிச் சத்தமே கேட்காதுன்னான். தினமும் நான் வந்து நிக்கிறதும், நீங்க வாயை மூடுறதும், அதை நான் கண்ணால பார்க்கிறதும்... வேணாம்னு ஒண்ணை எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். வண்டி ஓடுறவரைக்கும், நான் வர்றது தெரியட்டும்னு வாசல்ல நின்னு இருமிட்டு வந்தேன்.”

“அப்போ எங்களை எதுக்குங்க கூப்பிட்டீங்க?” ரேடியோவால் அடக்க முடியவில்லை.

“நான் எடுத்தது என் சொந்தப் பொருள். மிச்சத்தை எடுத்தவன் திருடன் இல்லையா?” என்றார் அவர், பழைய முறைப்போடு.

மனைவி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். “சிரிச்சா நீங்க திட்டுவீங்களேன்னுதான்...”

“நான் எப்போ திட்டினேன்?”

மூன்று பேரும் ஒரே சமயத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்தார்கள். அவர் கையை உயர்த்தினார். “சரி, சரி. புரியுது.”

* * *

மாமனார் கொட்டகைக்கு நேரில் போய் ஸ்பானரிடம் மன்னிப்புக் கேட்டார். ஸ்பானர் அழுதான். பட்டறையிலிருந்து போன மோட்டார்களையெல்லாம் தானே வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவதாக நிலக்காரர் சொன்னார். ஸ்பானர் இன்னும் பலமாக அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினான். கியர்களில் குத்தியிருந்த புள்ளிகளை ஒன்றுக்கு நேர் ஒன்றாகச் சேர்த்து மாட்டி, இன்ஜினைக் கையால் சுற்றிக் காட்டினான். ஒரு சுற்று முடிந்ததும், “புள்ளி விலகிப் போச்சே!” என்று நிலக்காரர் அலறினார்.

“விலகத்தான் செய்யும் ஐயா. அது எத்தனையோ சுத்து சுத்தித்தான் திரும்பச் சேரும். மாட்டும்போது சேர்ந்திருந்தாப் போதும்” என்றான் ஸ்பானர், அன்று முதல் முறையாகச் சிரித்து.

மூடியும் ரேடியேட்டரும் ஏறி உட்கார்ந்தன. வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்பியது. கொஞ்சம் புகை, அப்புறம் மெல்லிய ஓர் உறுமல். நிலக்காரர் ஏறி வயலுக்குப் போனார். வெயில் தாழ்கிறவரை, மழைக்கு முன்னால் முடிந்தமட்டும் உழுதார்.

மனைவி கட்டாயப்படுத்தியதால் அண்ணியும் ரேடியோவும் டீக்குத் தங்கினார்கள். ரேடியோ தாத்தாவிடம் இழந்த மானத்தை மீட்கப் போராடிக்கொண்டிருந்தான். மனைவி இந்தத் தடவை ஸ்கூட்டரைக் கொல்லையில் ஓட்டவில்லை. முன்பக்கம் கொண்டுவந்து, குறுகலான வாசலை நோக்கி நேராக விட்டாள். அதே வாசலில் டிராக்டர் வந்து திரும்பியது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

அவள் இரண்டு காலையும் தரையில் தேய்த்து, செருப்பு கழன்று, டிராக்டரின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றாள். ஜன்னலில் நான்கு தலைகள் உறைந்தன.

“ஹாரன் அடிக்க மாட்டீங்களா?” என்றாள் அவள்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். திரும்பிப் பின்னால் பார்த்து, கியரை மாற்றி, அந்தப் பெரிய வண்டியைத் தெருவரைக்கும் பின்னுக்கு எடுத்து ஒதுங்கி நின்றார்.

“நீ போ.”

அவள் போனாள். வளைந்தும் நெளிந்தும், கிட்டத்தட்ட நேராகவும்.

மகள் ஓடிவந்து வாசலில் நின்றாள். அவர் மனைவி போன திசையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். “ஏன் காலால நிறுத்துறா? பிரேக் பிடிக்கத் தெரியாதா?”

“அதை இன்னும் நான் சொல்லிக் குடுக்கலைப்பா. கொல்லையில சுவர் இருந்துச்சு, தேவைப்படலை.”

அவர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. டிராக்டர் ஒரே திருப்பில் திரும்பி, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு மனைவியின் பின்னால் ஓடியது. “கையில! பிரேக் கையில இருக்கு! இறுக்கிப் பிடி!” என்ற அவர் குரல் வளைவுவரைக்கும் தெளிவாகக் கேட்டது. அதற்கும் மேலே, அவர் நெருங்க நெருங்க நிற்காமல், அவளுடைய சிரிப்பும் கேட்டது.